எழுபதில் திரும்பிய ஓசை

திருப்பத்தூர்ப் பக்கம் திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர் மேடை ஓரமாக நிற்பார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சரண்ஜித் சிங் நினைவு வரும்.

பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் பிறர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். 1982இல் ரோலண்டு நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகளை இணைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை இசைத்தட்டாக்கினார். பூபாளி, மால்கௌன்ஸ், யமன். நம் காதுக்கு மோகனம், இந்தோளம், கல்யாணி. ஒரு பெட்டி தாளம் தட்ட, இன்னொன்று கீழ்ச்சுரங்களை அறுபடாமல் வழுக்கி இழுக்க, மேலே அவர் விரல்கள் ராகத்தை வரைந்தன. அந்த வழுக்கல், கமகத்துக்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கிறது.

தட்டு விலைபோகவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோதுதான், சிகாகோவில் பிற்பாடு பிறந்த ‘ஆசிட் ஹவுஸ்’ இசையின் சாயல் அதில் முன்கூட்டியே இருந்ததைக் கேட்டவர்கள் வியந்தார்கள். எழுபதைத் தாண்டிய மனிதர், இளைஞர்கள் ஆடும் ஐரோப்பிய மேடைகளில் நின்று அந்த ராகங்களை மறுபடி வாசித்தார். எவ்வளவு நிறைவாக இருந்திருக்கும்!

2015இல் மறைந்தார். இன்றிரவு அந்த யமனைப் போட்டு, பெட்டிகளின் துடிப்புக்கு நடுவே கல்யாணி எப்போது உள்ளே வருகிறாள் என்று காத்திருந்து கேளுங்கள்.