ஊத் வாசனையும் ஜும்ஆவின் ஸஃப்பும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

அல்ஹம்துலில்லாஹ்! எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதரர்களே! இன்று நம் இளைஞர்கள் பலர் ஊத் அத்தர் மீது ஆசை கொண்டிருக்கிறார்கள். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊர் திரும்புபவர் பெட்டியில் ஒரு சின்னக் குப்பியாவது இருக்கிறது. நல்ல ஆசைதான். வெள்ளிக்கிழமை குளித்து, மிஸ்வாக் செய்து, கிடைத்த நறுமணத்தைப் பூசி வருவதை நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். நறுமணம் கொடுக்கப்பட்டால் அவர்கள் மறுத்ததில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் கலப்பில்லாத அகிலையும், சில நேரம் அதனுடன் கற்பூரத்தையும் இட்டுப் புகைத்துக்கொள்வார்கள். அல்லாஹ்வின் தூதரும் இப்படித்தான் செய்தார்கள் என்பார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி.

ஊத் நமக்குப் புதிய பொருள் அல்ல. அரபியில் ஊத் என்பதைத்தான் நம் முன்னோர் அகில் என்றார்கள். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த சரக்குகளில் அகிலையும் சொல்கிறது. இன்று இந்தியாவில் இதற்குப் பெயர் பெற்றது அஸ்ஸாம். அங்குள்ள ஹோஜாய் நகரம் ஊத் வியாபாரத்துக்குப் பேர்போனது.

ஒரு தெளிவு தேவை. ஹதீஸில் மருந்தாகச் சொல்லப்படும் "ஊதுல் ஹிந்தீ" இந்த அத்தர் மரம் அல்ல; அது குஸ்த், அதாவது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோஷ்டம் என்றே அறிஞர்கள் விளக்கியுள்ளார்கள். பெயரை மட்டும் பார்த்து ஊத் அத்தரை மருந்தென்று யாராவது விற்றால் ஏமாந்துவிடாதீர்கள்.

அருமையானவர்களே! அகில் மரத்தின் நல்ல கட்டையில் இந்த மணம் கிடையாது. மரம் காயப்பட்டு, அந்தக் காயத்தில் பூஞ்சை பிடிக்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ள மரம் ஒரு பிசினைச் சுரக்கிறது. அது பல வருடம் ஊறிய கட்டைதான் ஊத். எல்லா மரத்திலும் இது உண்டாவதில்லை. அதனால்தான் இந்த விலை. அதனால்தான் காட்டில் மரத்தையே வெட்டித் தீர்த்தார்கள். 1995 முதல் அஸ்ஸாம் வகை அகில் மரம் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சோதனை வரும்போது "எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கும் மனிதன் இந்த மரத்தைப் பார்க்க வேண்டும். அடிபட்ட இடத்தில்தான் அல்லாஹ் அதற்கு மணத்தை வைத்தான்.

முதன்முறை அசல் ஊத் எண்ணெயை முகர்பவர் முகம் சுளிப்பார். கட்டையை நாள்கணக்கில் நீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடிப்பதால், அஸ்ஸாம் ஊத் எடுத்த எடுப்பில் மாட்டுத் தொழுவம் போல் வாடை வீசும். நிலக்கோட்டை மல்லிகைக்குப் பழகிய மூக்கு நமக்கு! அவசரப்படாதீர்கள். புறங்கையில் ஒரு பொட்டு தடவி அரை மணி நேரம் கழித்து முகருங்கள். இனிப்பும் மரவாசமும் மெல்ல எழும். முதலில் குறைந்த அளவில் வாங்குங்கள். மிகக் குறைந்த விலைக்கு "சுத்தமான ஊத்" என்று யாராவது தந்தால் அது பெரும்பாலும் செயற்கை வாசனைதான். செயற்கையைச் செயற்கை என்று சொல்லி விற்றால் தவறில்லை. அசல் என்று விற்பதுதான் மோசடி. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி அத்தர் வியாபாரிக்கும் பொருந்தும்.

சகோதரர்களே! அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆவது வசனத்தைப் பாருங்கள். பள்ளிக்கு வரும்போது அலங்காரத்தோடு வரச் சொல்லும் அதே வசனம்தான் வீண்விரயத்தையும் தடுக்கிறது. கடன் வாங்கி ஊத் பூச வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. வீட்டில் உம்மாவுக்கு மருந்து வாங்கப் பணமில்லை, சட்டையில் மட்டும் ஆயிரக்கணக்கில் வாசனை என்றால் அந்த மணத்தால் என்ன பயன்?

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் வரை நம் மக்கள் என்ன வேலை பார்க்கிறார்கள்? தோட்டத்தில் களை எடுப்பவர், சுமை தூக்குபவர், தோல் பதனிடும் இடத்தில் நிற்பவர். அவர்களில் ஒருவர் பாங்கு சொன்னதும் வேலையை விட்டு ஓடி வந்து ஸஃப்பில் நிற்கிறார். பக்கத்தில் ஊத் பூசியவர் மூக்கைச் சுளித்து ஓரடி நகர்ந்தால், அந்த மனிதரின் உள்ளம் என்ன பாடுபடும்? அடுத்த வாரம் அவர் ஜும்ஆவுக்கு வரத் தயங்கினால் அல்லாஹ்விடம் யார் பதில் சொல்வது?

ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. மதீனாவின் சுற்றுப்புறங்களிலிருந்து உழைக்கும் மக்கள் புழுதியும் வியர்வையுமாக ஜும்ஆவுக்கு வருவார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களை விரட்டவில்லை. இந்த நாளுக்காகத் தூய்மை செய்துகொள்ளலாமே என்று கனிவோடு சொன்னார்கள். ஆகவே வாய்ப்புள்ளவர்கள் குளித்து வாருங்கள். குளிக்க நேரமில்லாமல் வருபவருக்கு ஸஃப்பில் இடம் கொடுங்கள். உங்கள் குப்பியிலிருந்து அவர் கையிலும் ஒரு பொட்டு வையுங்கள். அத்தரின் அழகே பகிர்வதில்தான் இருக்கிறது.

அதுபோல, அளவுக்கு மீறிப் பூசுவதும் தொல்லையே. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குக் கடும் வாசனையும், அடைத்த அறையில் போடும் புகையும் ஆகாது. பச்சை வெங்காயம், பூண்டு சாப்பிட்ட வாயோடு பள்ளிக்கு வருவதைத் தடுத்த மார்க்கம், பக்கத்தில் நிற்பவரின் மூச்சையும் கவனிக்கச் சொல்கிறது. உம்ராவுக்குச் செல்பவர்களே, இஹ்ராம் நிய்யத் வைத்த பிறகு அத்தரும் வாசனை சோப்பும் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

நல்ல நண்பனுக்கு நபி (ஸல்) அவர்கள் கஸ்தூரி வைத்திருப்பவரை உவமை சொன்னார்கள்: அவரிடம் வாங்காவிட்டாலும் மணம் கிடைக்கும். நம் பக்கத்தில் நிற்பவருக்கு நாம் அப்படி இருக்கிறோமா?

வல்ல ரஹ்மான் நம் உடலையும் உள்ளத்தையும் தூய்மையாக்கி, நம் அண்டை அயலாருக்கு நம்மை நறுமணமாக ஆக்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.