சொன்னவளும் எழுதியவளும்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்க விடியுமுன்னே எழுந்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது, மொட்டாகவே சந்தைக்குச் சேர வேண்டும். பறித்துவிட்டு வந்த பிறகும் அம்மாவுக்கு ஓய்வில்லை. திண்ணையில் உட்கார்ந்து வாழைநாரில் பூக் கட்டுவாள். கை கட்டிக்கொண்டிருக்கும், வாய் கதை சொல்லும். எந்த இடத்தில் நிறுத்தினால் நாங்கள் சோற்றைத் தொடாமல் காத்திருப்போம் என்பது அவளுக்குத் தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. ரேஷன் கடையிலும் வங்கியிலும் பெருவிரல்தான்.

நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணை நினைவுக்கு வரும். 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்லும் வல்லமை இருந்தது. கணவர் பார்த்தசாரதி நாடகங்களுக்கு அழைத்துப் போனார். அவற்றைப் பார்த்துத் தானும் ஒரு நாடகம் செய்ய வேண்டும் என்று ஆசை வந்தது. எழுத வராதே! கோதைநாயகி சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படி வந்ததுதான் 1924-இல் வெளியான ‘இந்திர மோகனா’.

அடுத்த ஆண்டே ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகையைத் தன் பொறுப்பில் எடுத்தார். ‘வைதேகி’ அதில் தொடராக வந்தது. பிறகு அவரே ஆசிரியர், அவரே பதிப்பாளர், சொந்த அச்சகமும் வந்தது. எழுதிய நாவல்கள் 115. திருவல்லிக்கேணி வீட்டிலிருந்து ஒரு பெண் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாதப் பத்திரிகை நடத்தினார் என்றால், காகிதத்துக்கும் மைக்கும் அச்சுக்கோக்கிறவர் கூலிக்கும் மாதாமாதம் பதில் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கணக்குப் புத்தகத்தை, நாவல்களுக்குச் சற்றும் குறையாத சாதனையாகவே நான் நினைக்கிறேன்.

இன்னொரு செய்தி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. 1932-இல் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோது, உடனிருந்த கைதிகளின் கதைகளைக் கேட்டார். ‘சோதனையின் கொடுமை’ நாவல் அதிலிருந்து பிறந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் தன் சொல்லை எழுத ஒரு தோழியின் கையைத் தேடியவர், இடையில் எழுதக் கற்றுக்கொண்டு, சிறையில் பிற பெண்களுக்கு அந்தக் கையாகிவிட்டார்.

பட்டம்மாள் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதைகள் கோதைநாயகியின் வாயிலேயே இருந்து, அவரோடு 1960-இல் போயிருக்கும். எத்தனை வீடுகளில் அப்படித்தானே போயின! தோழிக்காக எழுதிக் கொடுத்தவரின் பேரை அதிகம் பேர் அறியமாட்டார்கள். ஆனாலும் உட்கார்ந்தார், பொறுமையாகக் கேட்டார்.

நான் உட்காரவில்லை. அம்மா பூ விற்ற காசில் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப் படித்தவள் நான். எழுத்தே பிழைப்பானது. நாகல் நகரில் பூட்டுப் பட்டறைக்காரர்கள் சொன்னதை எழுதினேன். சின்னாளபட்டியில் நெசவாளர்கள் சொன்னதை எழுதினேன். முன்பின் தெரியாதவர்களின் வாயை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சொந்த வீட்டுத் திண்ணை கண்ணில் படாமல் போனது. அம்மாதானே, எங்கே போய்விடப் போகிறாள் என்ற நினைப்பு. அது எவ்வளவு பெரிய அலட்சியம் என்று உறைக்க, அவளுக்கு எழுபது கடக்க வேண்டியிருந்தது. இப்போது சில பெயர்கள் அவளுக்கு மறந்துபோகின்றன. நான் சிறுமியாய்க் கேட்ட ஒரு கதையின் பாதி எங்கள் இருவருக்குமே நினைவில்லை.

போன மாதம் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமியாரோடு சண்டையிட்டுத் தோட்டத்தைவிட்டுப் போன ஒருத்தியின் கதையைச் சொன்னாள். முடித்ததும், “எழுதுனதைப் படி” என்றாள். படித்தேன். ‘அவள் மனம் உடைந்து கிளம்பினாள்’ என்ற வரியில் கையை நீட்டித் தடுத்தாள்.

“அவ எங்கடி ஒடஞ்சா? மடியில இருந்த பூவை உதறிட்டுக் கெளம்புனான்னுதானே சொன்னேன்?”

அடித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினேன்.