படம் எடுப்பதா, பெறுவதா?

நம் இளைஞர்களிடம் அண்மைக் காலமாக ஒரு நல்ல பழக்கம் வளர்ந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு பேர் சேர்ந்து நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வாரம் பிரிக்பீல்ட்ஸ், மறுவாரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா, பள்ளி விடுமுறை என்றால் கோலசிலாங்கூர், கேரித் தீவு. போகிற இடத்தில் பசியாறுகிறார்கள். பார்த்ததையும் சாப்பிட்டதையும் படம் பிடித்துப் புலனக் குழுவிலும் முகநூலிலும் போடுகிறார்கள்.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். சாலாக் செலாத்தானில் கொமுட்டர் ஏறினால் செபுத்தே, மிட்வேலி, அதற்கடுத்து கேஎல் சென்ட்ரல். இறங்கி நாலு எட்டு வைத்தால் பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் தீயும் வெள்ளமும் வந்து கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்த பிறகு, நகரத்தைச் செங்கல்லால் திரும்பக் கட்டினார்கள். அதற்குச் செங்கல் சுட்ட இடம் இது. அதனால்தான் அந்தப் பெயர். பின்னர் இரயில்வே வேலைக்கு வந்த நம்மவர்கள் இங்கே குடியேறினார்கள். இதையெல்லாம் நடந்து பார்த்த பிள்ளைக்குத்தான் ஊர் தன்னுடையது என்ற எண்ணம் வரும். காரில் கடந்து போகிற பிள்ளைக்கு வராது.

ஆனால் இந்த நடைகளில் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒரு மனிதரைக் கேட்காமல் படம் எடுக்கலாமா?

தமிழில் நாம் பயன்படுத்தும் சொற்களையே பாருங்கள். படம் "எடுக்கிறோம்", படம் "பிடிக்கிறோம்" என்கிறோம். பணம் எடுக்கிறோம், மீன் பிடிக்கிறோம். எடுப்பது என்றால் எங்கிருந்தோ, யாரிடமிருந்தோதான் எடுக்க வேண்டும். தட்டில் இருக்கிற தோசையைப் படம் எடுத்தால் தோசைக்கு ஒன்றும் இல்லை. அதைத் திருப்பிப் போடுகிறவரை எடுக்கும்போது யாரிடமிருந்து எதை எடுக்கிறோம்?

ஒருமுறை நண்பர்களோடு ஓர் உணவகத்தில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். பின்பக்கம் ஒரு தம்பி மலைபோல் குவிந்த பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தார். சன்னல் வழியாக வெயில் அவர் மேல் சாய்வாக விழுந்தது. படம் எடுப்பவர்களுக்குத் தெரியும், அந்த மாதிரி வெளிச்சம் தினமும் கிடைக்காது. கேமராவைக் காட்டி, "எடுக்கலாமா தம்பி?" என்று கேட்டேன். அவர் பதறிப்போய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வேணாம்ணே. ஊர்ல சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிருக்கேன். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்றார்.

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரராம். இங்கே போடுகிற ஒரு படம் அங்கே போய்ச் சேர இப்போது எவ்வளவு நேரம் ஆகும்? எந்த வேலையும் இழிவில்லை என்று நாம் மேடையில் பேசலாம். அந்தத் தம்பியின் ஊரில் அப்படிப் பேசி ஒரு கல்யாணத்தை நடத்திவிட முடியாது. தன் வீட்டார் எதைத் தெரிந்துகொள்ளலாம், எப்போது தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் முடிவு. ஓர் அழகான படத்துக்காக அந்த முடிவை நான் எடுக்க முடியாது.

"படம் எடுத்தா ஒண்ணும் குறைஞ்சு போகாதே, முகம் அவர்கிட்டதானே இருக்கு?" என்று சில தம்பிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முகம் அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் தன்னை யார், எந்த நிலையில் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடமிருந்து போய்விடுகிறது. பதஞ்சலி சொன்ன ஐந்து யமங்களில் அஸ்தேயமும் ஒன்று. திருக்குறளில் 29-ஆம் அதிகாரம் கள்ளாமை. களவு என்றால் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும்தானா? ஒருவர் கொடுக்காததை அவருக்குத் தெரியாமல் நமதாக்கிக்கொள்வது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும் என்றுதான் எனக்குப் படுகிறது.

சட்டம் இதில் நமக்கு அவ்வளவாக உதவாது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. வார இறுதியில் ஆசைக்குப் படம் எடுக்கிறவரை அது தேடி வராது. ஆகவே கேள்வி நம் மனச்சாட்சியிடம்தான் வந்து நிற்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அதனால் பார்வையற்றவர்கள் பலர் இந்தத் தெருக்களில் நடக்கிறார்கள், உடம்பு பிடித்துவிடும் நிலையங்களில் வேலை செய்கிறார்கள். நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கோட்டைக் கோலால் தடவிக்கொண்டு ஒருவர் வருகிறார். நல்ல படம்தான். ஆனால் கேமராவைக் கண்டால் நீங்களும் நானும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கையால் மறைக்கலாம், முறைக்கலாம். அவரால் அது முடியாது. கேமரா இருப்பதே அவருக்குத் தெரியாது. மற்றவரிடம் ஒரு முறை கேட்க வேண்டும் என்றால், அவரிடம் பக்கத்தில் போய், பெயர் சொல்லி, எதற்கு எடுக்கிறோம், எங்கே போடப் போகிறோம் என்பது வரைக்கும் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதிலிருந்து நான் எனக்கென ஒரு விதி வைத்துக்கொண்டேன். எதிரில் இருப்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் சக்தி எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு என் கை தயங்க வேண்டும்.

பத்துமலைத் தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். அருள் வந்து ஆடுகிற ஒரு பெண் தன் உடை கலைந்ததை அறிய மாட்டார். முகத்துக்கு ஒரு முழம் முன்னால் கேமரா நீள்வதையும் அறிய மாட்டார். அவர் அங்கே வந்தது முருகனுக்காக. நம் படத்துக்காக அல்ல. காவடிக் கூட்டத்தை, 272 படிகளை, மஞ்சள் உடை வெள்ளத்தை எடுங்கள். தன்னை மறந்து நிற்கிற ஒருவரின் முகத்தை மட்டும் அவர் தன்னிலைக்கு வரும்வரை விட்டுவிடுங்கள்.

விலங்குக்கும் பூச்சிக்கும் இதே விதிதான். கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் இரவில் படகேறிப் போனால், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். ஆண் பூச்சி பெண் பூச்சியைக் கூப்பிடும் ஒளி அது. அங்கே பிளாஷ் போடக் கூடாது என்று சொல்லித்தான் படகில் ஏற்றுகிறார்கள். நம் ஒரு நொடி வெளிச்சம் அந்தப் பேச்சைக் குலைத்துவிடும். பத்துமலைக் குரங்குக்கும் புக்கிட் மெலாவாத்திக் குரங்குக்கும் பழத்தை நீட்டித் தோளில் ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். நமக்கு ஒரு படம் கிடைக்கிறது. குரங்கு மனிதர் கையிலிருந்து பிடுங்கித் தின்னப் பழகிக்கொள்கிறது. அஹிம்சை என்பது அடிக்காமல் இருப்பது மட்டும் அல்ல.

இப்போது கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். நம் இயக்கங்களைப் பற்றியது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நம் இளைஞர்கள் வீடு வீடாக மளிகைப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் எத்தனை படங்களில் ஒரு பாட்டி அரிசிப் பையைப் பிடித்தபடி, பதாகைக்கு முன்னால், கேமராவைப் பார்த்து நிற்கிறார்! அந்தப் பாட்டி எப்படி மறுப்பார்? கையில் இருப்பது இந்த வார அரிசி. "ஒரு படம் எடுத்துக்கிறோம் பாட்டி" என்று நாம் கேட்டிருக்கலாம். அரிசியைக் கொடுத்துக்கொண்டே கேட்பது கேள்வியே ஆகாது.

நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்பார்கள். காட்டத்தான் வேண்டும். அடுக்கிய பைகளை எடுங்கள், மூட்டை தூக்கும் தொண்டர்களை எடுங்கள், இரசீதை எடுங்கள். வாங்குகிறவர் முகம் எதற்கு? நாளைக்கு அவர் பேரன் பள்ளியில் அந்தப் படத்தைப் பார்க்க நேரலாம் இல்லையா?

நம் சமூகத்துக்கு இது புதிதும் அல்ல. 1868 முதல் 1875 வரை பிரிட்டிஷார் இந்திய மக்களைச் சாதி வாரியாக, இன வாரியாகப் படம் எடுத்து 8 தொகுதிகளாக வெளியிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலிருந்து போன அஞ்சலட்டைகளில் நம் பாட்டன் பாட்டிகள் இருக்கிறார்கள். கீழே "தமிழ்க் கூலிகள்", "கிளிங் பெண்" என்று எழுதியிருக்கும். பெயர் இருக்காது. பால்மரக்காட்டில் நிற்கிற அந்த அம்மா யாருடைய கொள்ளுப்பாட்டி என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. கேரித் தீவுக்குப் போய், முகமூடி அணிந்து ஆடும் மா மெரி மக்களைப் படம் எடுத்து, "பூர்வகுடி நடனம்" என்று மட்டும் போட்டுவிட்டு வந்தால், அந்த அஞ்சலட்டைக்காரன் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்கிறோம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "அந்தப் படங்களை அன்று கேட்டுக் கேட்டு எடுத்திருந்தால் வரலாறே மிஞ்சியிருக்காதே? கேட்டால் ஆள் விறைத்துக்கொண்டு நிற்பார், உண்மை போய்விடும்" என்பது. இதில் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயரில்லாத அந்த அஞ்சலட்டை மட்டும் இல்லையென்றால், நம் பாட்டிமார் புடவையை எப்படி உடுத்தினார்கள் என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது. சந்தைக் கூட்டத்தையும் தெருவையும் எடுப்பதற்கு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க முடியாது. வாங்கவும் தேவையில்லை.

ஆனால் கூட்டம் வேறு, ஒருவருடைய முகம் வேறு. முகம் தனியாகத் தெரிகிற படம் என்றால், எடுத்த பிறகாவது போய்க் காட்டலாமே! "ஐயா, இப்படி வந்திருக்கு. வச்சுக்கலாமா, அழிச்சிடட்டுமா?" கேட்பதற்கு அரை நிமிடம் ஆகும். விறைத்து நிற்கிற ஆளும் பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் இளகிவிடுவார். கிள்ளானில் முறுக்குப் பிழிகிற ஓர் அக்கா முதலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாவு எப்படிப் பிசைவது என்று கேட்டோம். உளுந்தை எவ்வளவு வறுக்க வேண்டும், எண்ணெய் காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல ஆரம்பித்தவர், "சரி, எடுத்துக்குங்க. ஆனா கையை நல்லா தெரியிற மாதிரி எடுங்க" என்றார். கேட்காமல் எடுத்திருந்தால் முறுக்குப் படம் ஒன்று கிடைத்திருக்கும். உளுந்து விஷயம் கிடைத்திருக்காது.

உலகம் அறிந்த ஒரு படத்தையே பாருங்கள். பாகிஸ்தான் அகதி முகாமில் 1984-இல் எடுக்கப்பட்ட பச்சைக் கண் ஆப்கான் சிறுமியின் படம், 1985 ஜூனில் நேஷனல் ஜியாகிராபிக் இதழின் அட்டையில் வந்தது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அவர் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை அவரே அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. எடுத்ததில் ஒரு பிரதியாவது எடுக்கப்பட்டவருக்குப் போக வேண்டாமா?

நம் சமயம் பார்ப்பதை எவ்வளவு பெரிய காரியமாக வைத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சிலைக்குக் கண் திறக்கும் சடங்கில், திறந்த கண் முதலில் பார்ப்பதற்குப் பசுவையும் கன்றையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கோயிலுக்குப் போவதைத் தரிசனம் என்கிறோம். நாம் சாமியைப் பார்ப்பது பாதிதான். சாமி நம்மைப் பார்ப்பது மறுபாதி. கருவறைக்கு முன்னால் கேமராவை நீட்டாதே என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்குப் புரிந்த காரணம் இதுதான்: கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் பார்க்கிறார், ஆனால் பார்க்கப்படுவதற்கு நிற்பதில்லை. எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்று நாம் நம்புவது உண்மையானால், பாத்திரம் துலக்கும் தம்பிக்கு முன்னாலும் அந்த மரியாதை வேண்டும்.

ஆகவே தம்பி தங்கைகளே, நடங்கள். நிறைய நடங்கள். கண்டுபிடித்த கடையை நாலு பேருக்குச் சொல்லுங்கள், அந்த வியாபாரமும் பிழைக்கட்டும். முதலில் வணக்கம் சொல்லுங்கள், அப்புறம் கேமராவை எடுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே தே தாரேக்கைக் குடித்துவிட்டு வாருங்கள். சரி என்றால் பெயரைக் கேளுங்கள், போடலாமா என்று கேட்டுவிட்டு, பிழையில்லாமல் போடுங்கள். எடுத்த படத்தை அவர் கைப்பேசிக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள். அப்படிக் கிடைத்த படத்தை "எடுத்தது" என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் கொடுத்தது, நாம் பெற்றது.