வானின் நீலமும் ஆழ்வார் கண்ட நீலமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வானம் ஏன் நீலமாய்த் தோற்றுகிறது? கதிரவனின் ஒளி காற்றின் மூலக்கூறுகளிற் பட்டுச் சிதறுங்கால், செந்நிறத்தினும் நீலம் மிகுதியாகச் சிதறி, எத்திசையினின்றும் நம் கண்ணை வந்தடைகிறது. காற்றுமண்டலம் இல்லாத சந்திரனில் பகலிலும் வானம் கரியதே.

ஆகில் இந்நீலம் பொய்த்தோற்றமோ எனில், அன்று. அறிவெல்லாம் மெய்ப்பொருளையே பற்றும் என்பது நம் ஸித்தாந்தம். பஞ்சீகரணத்தாலே மற்றைப் பூதங்கள் ஆகாசத்தோடு கலந்திருக்கையால், அந்நிறம் உண்மையாகவே காணப்படுகிறது என்று நிர்வஹிப்பர் பூர்வாசார்யர்கள். வெற்று வெளிக்கு நிறமில்லை, கலப்பினாலேயே நிறம் என்பது இங்கும் பொருந்துகிறதன்றோ?

மெய்யான நிறமாகையாலே அது எம்பெருமானை நினைப்பூட்டவும் வல்லது. காயாம்பூ, நீலமலர் முதலானவற்றைக் காணுந்தோறும் அவன் திருமேனியே என்று நம்மாழ்வார் உள்ளம் பூரித்தமை பெரிய திருவந்தாதியிற் காணலாம். நிறத்தின் காரணம் அறியாமையால் அவர் உருகினாரல்லர். காரணங்களுக்கெல்லாம் காரணமானவனை அறிந்தமையால் உருகினார். நாமோ ஒளியின் காரணத்தை அறிந்த அளவிலே நின்று, நிமிர்ந்தும் பாராது நாளைக் கழிக்கிறோம். இன்று ஒருகால் வானத்தை நோக்குவோம், அந்நிறத்தானை நினைப்போம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.