இறகின் கடன்

மாந்தர் தம் உடம்பில் அணிந்து மகிழும் பொருள்களுள் இறகினைப் போல் இலேசானது பிறிதொன்றில்லை. ஆயினும் அணிந்தவன்மேல் இறகினைப் போற் பெருஞ்சுமையை ஏற்றுவதும் பிறிதொன்றில்லை என்பது நமது எண்ணம். பொன்னும் வெள்ளியும் மண்ணிலிருந்து வருவன. இறகோ, பாடித் திரிந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்த ஓர் உயிரின் மேனியிலிருந்து வருவது. அதனை எடுத்துச் சூடிக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு உண்டா? உண்டெனில் அவ்வுரிமையோடு கூடி வரும் கடன் யாது? இக்கேள்வியையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு தப்பெண்ணத்தை அகற்றிவிட வேண்டும். தலையில் இறகு சூடியவன் என்றாலே காட்டுமிராண்டி என்று நகைப்பது, நாலெழுத்து இங்கிலீஷ் படித்த நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். பாடப்புத்தகமும் படக்கொட்டகையும் அவ்வாறே நமக்குக் கற்பித்தன. ஆனால் அப்புத்தகங்களை அச்சிட்டு அனுப்பிய நகரங்களில் நடந்ததென்ன? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன், பாரிஸ், நியூயார்க் நகரத்துச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்காக வெண்கொக்குகள் கூட்டங்கூட்டமாய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டன. அக்கொக்கின் முதுகில் மெல்லிய தூவி செழித்து நிற்பது கூடு கட்டும் பருவத்திலேதான். ஆதலால் வேடர் கூட்டருகே வைத்தே தாய்ப்பறவையைக் கொன்றனர். கூட்டிலிருந்த குஞ்சுகள் பசியால் மாண்டன. அத்தூவி நிறைக்கு நிறை பொன்னைக் காட்டிலும் மிகுந்த விலைக்கு விற்ற காலமும் உண்டு. இக்கொடுமையைப் பொறாத இங்கிலாந்துப் பெண்மணிகள் சிலர் 1889-இல் பறவைகளைக் காக்க ஒரு சங்கம் கண்டனர். இந்திய அரசாங்கம் 1902-இல் இறகு ஏற்றுமதியைத் தடுத்தது. பிரிட்டனிலோ இறக்குமதித் தடைச் சட்டம் பிறக்க 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்தனையும் ஒரு பருவம் அணிந்து மறுபருவம் மூலையில் எறியும் தொப்பிக்காக நிகழ்ந்தது. எனவே, இறகணிவதை வைத்து ஒரு சமூகத்தை அநாகரிகமென்று தீர்ப்பது ஒவ்வாது.

அதற்காக, ஆதிகுடிகள் செய்ததெல்லாம் அறமே என்று கொண்டாடவும் நாம் ஒருப்படோம். பழையது என்ற ஒன்றையே காரணமாகக் கொண்டு எதனையும் வணங்குவது இப்பத்திரிகை நேயர்களுக்கு உடன்பாடாயிராது. ஆகவே, இறகு வேலைப்பாட்டிற் பெரும்புகழ் பெற்ற ஹவாயித் தீவினரை எடுத்துக்கொண்டு, அவர்தம் இறகுப் போர்வையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

பசிபிக் மாகடலின் நடுவிலுள்ள அத்தீவுகளில் 'அலீ' எனப்பட்ட தலைவர்கள், போரிலும் விழாவிலும் 'அஹு உலா' என்னும் போர்வையைத் தோளிலும், 'மஹியோலே' என்னும் கவசத்தைத் தலையிலும் அணிந்தனர். அஹு உலா என்றால் செம்போர்வை என்று பொருள். ஒலோனா என்னும் செடியின் நாரைத் திரித்து, மீன்வலை போல் நெருக்கமாகப் பின்னி, அவ்வலையில் சிறு சிறு கற்றைகளாக இறகுகளைக் கட்டுவர். ஒரு வரிசையின் கட்டினை அடுத்த வரிசை மறைத்துக்கொண்டே செல்ல, முடிவில் அது துணியைப் போலன்றிப் பறவையின் மேனியைப் போலவே தோன்றும். சிவப்பு நிறத்தை 'இஇவி' என்னும் பறவை தந்தது. மஞ்சளோ கிடைத்தற்கரியது. 'ஓஓ' என்னும் கரிய பறவைக்குச் சிறகடியில் ஒரு மஞ்சட் கற்றை. 'மாமோ' என்னும் மற்றொரு கரிய பறவைக்கு வாலடியிலும் தொடையிலும் சிற்சில மஞ்சள் இறகுகள். அவ்வளவே. தீவுகள் அனைத்தையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்து 1819-இல் இறந்த முதலாம் கமேஹமேஹா மன்னனின் மஞ்சட் போர்வை ஹோனலூலு நகரத்துப் பிஷப் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 450,000 இறகுகள் உள்ளனவென்றும், அவை 80,000 பறவைகளிடமிருந்து பெறப்பட்டிருக்க வேண்டுமென்றும் கணக்கிட்டுள்ளனர். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தாலன்றி அத்தனை இறகு கூடாது.

சேர்த்தவர் யாவர்? போர்வையைப் புகழ்வோர் இக்கேள்வியை எளிதிற் கடந்து சென்றுவிடுகின்றனர். பறவை பிடிப்போர் மலைக்காட்டில் நெடுநாள் தங்கி, பூத்த கிளைகளில் மரப்பிசினைத் தடவி, தேனுண்ண வரும் பறவை ஒட்டிக்கொள்ளும் வரை மழையிலும் பனியிலும் காத்திருந்தனர். குடிகள் தலைவர்க்கு ஆண்டுதோறும் செலுத்திய வரிப்பொருள்களுள் இறகும் ஒன்று. தோட்டத்தில் நாம் எழுதும் செக்ரோலில் ஆளின் பெயரும், வந்த நாளும், வராத நாளும் பதிவாகும். அந்தச் செக்ரோலைக் கொண்டே ஏழையின் கூலியில் கைவைத்தவர்களும் உண்டு. எனினும் பெயராவது அதில் இருக்கும். அஹு உலாவுக்கோ செக்ரோல் இல்லை. அணிந்தவன் பெயர் நிற்கிறது. மழையில் நனைந்தவன் பெயர் மறைந்தது.

அக்காலத்தில் 'கபு' என்னும் விலக்கு முறை அங்கு நிலவிற்று. உயர்ந்த தலைவர் வரும்போது குடிமகன் மண்ணில் விழ வேண்டும். தவறினால் உயிர் போகும். ஆணும் பெண்ணும் சேர்ந்துண்ணலாகாது. பன்றியிறைச்சியும் பலவகை வாழைப்பழமும் பெண்ணுக்கு ஆகா. இத்தகைய ஏற்பாட்டின் இயல்பை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1819-இல் கமேஹமேஹா மறைந்ததும், அவன் மனைவியருள் ஒருத்தியான காஅஹுமானுவின் தூண்டுதலால், புதிய மன்னன் லிஹோலிஹோ பெண்களின் பந்தியில் அமர்ந்து உண்டான். அன்றோடு கபு உடைந்தது. சமபந்தி போஜனத்தின் வலிமையை அறிய விரும்புவோர் இச்சரித்திரத்தை ஒருமுறை வாசிப்பாராக.

இவ்வளவும் கூறிய பின்னும், அப்போர்வை வெறும் ஆடம்பரமன்று என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். 1779 ஜனவரி 26-ஆம் நாள் கலானி ஓபுஉ என்னும் தலைவன் தன் தோளிலிருந்த போர்வையைக் கழற்றிக் காப்டன் குக்கின் தோளிற் போர்த்தினான். அதனைக் கொடுப்பவனும் பெறுபவனும் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டவர் ஆகின்றனர் என்பதன்றோ அதன் கருத்து? குக்கோ, தன் படகு ஒன்று திருடப்பட்டதென்று, மூன்று வாரங் கழியுமுன், போர்வை தந்த அத்தலைவனையே பிணையாகப் பிடித்துப்போகச் சென்று, அக்கலகத்தில் பிப்ரவரி 14-ஆம் நாள் மாண்டான். போர்வை இங்கிலாந்துக்குப் போயிற்று. 1912-இல் நியூசிலாந்துக்குப் போயிற்று. 2016-இல் ஹவாயிக்குத் திரும்பி, 2020-இல் அத்தீவினர்க்கே உரியதென்று ஒப்படைக்கப்பட்டது.

பறவைகளின் கதி என்னவாயிற்று என்பதை இனி நோக்குவோம். மஞ்சள் இறகை மட்டும் பறித்துக்கொண்டு பறவையைப் பறக்க விட்டனர் என்று பழைய குறிப்புகள் சில கூறுகின்றன. மேனி முழுதும் சிவந்த இஇவியைக் கொன்று தின்றதும் உண்டு. பிடிபட்டவை யாவும் பிழைத்தன என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதி: பல தலைமுறை இறகு பறித்த பின்னும், 1778-இல் குக் அத்தீவுகளைக் கண்டபோது மாமோவும் ஓஓவும் இஇவியும் காட்டில் இருந்தன. நம் பழங்கதையில் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். ஹவாயித் தலைவன் பறவையிடமிருந்து போர்வை பெற்றான். ஈந்தவனையே நாம் புகழ்ந்து வந்திருக்கிறோம். பெற்றவனுக்கோ வேறோர் அறிவு இருந்தது. இந்தப் பறவை அடுத்த ஆண்டும் வேண்டும் என்பதே அது.

அவ்வறிவு சிறிதும் வேண்டாத ஒரு தொழில் பின்னர் வந்தது. மாடு மேய்க்கவும் கரும்பு நடவும் தாழ்ந்த காடுகள் அழிந்தன. கப்பலிலிருந்து எலி இறங்கிற்று. 1826-இல் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய் வழியாகக் கொசுவும் இறங்கிற்று என்பர். அதற்குமுன் அத்தீவுகளில் கொசுவே கிடையாது. பிறகு பறவைகளைத் தாக்கும் ஒருவகை மலேரியா அக்கொசுவால் பரவியது. காடு வெட்டித் தோட்டம் போட்ட நம் முன்னோருக்குக் கொசு செய்தது யாதென்று நாம் அறிவோம். அந்நோயை அறியாத பறவைகளுக்கு ஒரே கடி போதுமாயிருந்தது. துப்பாக்கியும் தன் பங்கைச் செய்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு மாமோ மறைந்தது. ஓஓ இனத்தில் எஞ்சியிருந்த கவாய்த் தீவுப் பறவையின் குரல் 1987-க்குப் பின் கேட்கவில்லை. 2023-இல் அதனை அற்றுப்போன இனமென்று அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. குளிர்ந்த உயர்மலைகளில் மட்டுமே இஇவி பிழைத்திருக்கிறது. உலகம் வெப்பமாக ஆகக் கொசு அங்கும் ஏறிச் செல்கிறது.

கரும்புத் தோட்டத்துத் துரை ஓர் ஓஓவையும் தன் கையால் தொட்டிருக்கமாட்டார். அவர் மீது இரத்தக் கறை இல்லை. தொப்பியில் இறகும் இல்லாதிருக்கலாம். இறகு பறித்தவனாவது பறவையின் முகத்தைக் கண்டான். காட்டை எடுத்தவன் பறவை உண்டென்பதையே காணவில்லை. இவ்விருவருள் எவன் செயல் கொடிது என்று வினவினால், காணாதவன் செயலே கொடிது என்போம். இதனைக் கூறும் நாமும் தோட்டத்துச் சோற்றையே உண்கின்றோம். பால்மரத்துக்கும் பின்னர்ச் செம்பனைக்கும் இடங்கொடுத்த காடுகளில் இருவாட்சி வாழ்ந்தது. பெரிய மரப்பொந்து இல்லையேல் அது குஞ்சு பொரியாது. சரவாக்கின் பழங்குடியினர் சிலர் ஆட்டத்திலும் தலையணியிலும் அதன் கருப்பு வெள்ளை வாலிறகைச் சூடுவர். கென்யாலாங் என்ற பெயரால் அதுவே அம்மாநிலத்தின் பறவையும் ஆகும். அதனை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். அச்சட்டம் வேண்டியதே. ஆயினும் ஓர் இறகு வைத்திருப்பவனை மறித்துக் கேட்கும் உலகம், பொந்து மரத்தை வெட்டி ஏற்றிச் செல்லும் லாரிக்கு வழிவிட்டு நிற்பது என்ன நியாயம்?

அமெரிக்காவிலும் இதே நிலையைக் காண்கின்றோம். அங்குள்ள பூர்வகுடியினர் பலருக்குக் கழுகிறகு புனிதமானது. சமவெளியில் வாழ்ந்த குடிகளில் வீரச்செயலால் ஈட்டினாலன்றி ஒருவன் அதனைச் சூட முடியாது. 1940-இல் வெண்தலைக் கழுகையும், 1962-இல் பொற்கழுகையும் சட்டம் காத்தது. 1962-ஆம் ஆண்டுத் திருத்தம் சமயக் காரியத்துக்காகப் பூர்வகுடிகளுக்கு மட்டும் அனுமதிக்கு இடம் வைத்தது. இன்று கொலராடோ மாநிலத்தில் ஓர் அரசாங்கக் கிடங்கு உண்டு. மின்கம்பியிலும் வண்டியிலும் அடிபட்டு இறந்த கழுகுகள் அங்கு வந்து சேரும். அங்கீகரிக்கப்பட்ட குடியைச் சேர்ந்தவர் மனுப்போட்டு, முழுப் பறவைக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து பெறுவர். கழுகை வணங்கியவன் வரிசையில் நிற்கிறான். அவன் நிற்பதைக்கூட நாம் குறை கூறவில்லை. பறவை அருகினால் பக்தனும் பொறுக்கத்தான் வேண்டும். கழுகைக் குறைத்தவர்கள் எந்த வரிசையிலும் நிற்கவில்லை என்பதே நமது குறை.

ஹவாயில் இன்றைய இறகுக் கலைஞர்கள் வாத்து, கோழி முதலியவற்றின் இறகுக்குச் சாயமேற்றி மாலையும் போர்வையும் செய்கின்றனர். இது போலியன்றோ என்பாரும் உளர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வோர் இறகையும் கையால் எடுத்துக் கட்டும் பொறுமை அன்றிருந்ததே இன்றும் இருக்கிறது. மாறியது பறவை மட்டுமே. பறவையை விட்டுவிட்டுப் பணிவைப் பிடித்துக்கொண்டவனை நாம் மரபு தவறியவன் என்று சொல்லோம்.

நம்மவர் தைப்பூசத்தில் எடுக்கும் மயிற்காவடிக்கும் இக்கேள்வி உரியதே. காவடி எடுப்பது தகுமா என்ற வழக்கை இங்கு இழுக்கவில்லை. இறகை மட்டுமே பேசுகின்றோம். மயில் ஆண்டுக்கொரு முறை தன் தோகையைத் தானே உதிர்க்கும். மயிலைக் கொல்வதைத் தடுத்த 1972-ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும், உதிர்ந்த தோகையைக் குற்றமாக்கவில்லை. உதிர்ந்த இறகின் தண்டடி உலர்ந்து தூய்தாக இருக்கும். பிடுங்கிய இறகின் அடியில் இரத்தக் கறை இருக்கும். கட்டு இறகு வாங்கும் அன்பர் கண்ணை மட்டும் பாராமல் அடியையும் திருப்பிப் பார்க்கலாம். அடி நறுக்கப்பட்டிருந்தால், ஏன் நறுக்கினீர் என்று கடைக்காரரைக் கேட்கலாம்.