மாக்கோழியும் இயந்திர நாயும்

எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரில் ஜீனோ என்றோர் இயந்திர நாய் வரும். அது பேசும், நூல்கள் படிக்கும், மாந்தர் நடத்தையை ஆராயும். கோடை விடுமுறைக்குப் பட்டுக்கோட்டை வந்திருந்த பேரன் அதைப் படித்துவிட்டு, "பாட்டி, ஜீனோவை உடைத்தால் கொலைப்பாவம் சேருமா?" என்று வினவினான்.

நம் நூல்களும் தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவால் வகுக்கும்போது தொடுவுணர்வையே முதலறிவாக வைக்கின்றன. கண், செவி, மனம் எல்லாம் அதற்குப் பின்னரே. ஜீனோவுக்கோ பின்னவை இருப்பதுபோல் தோன்றுகிறது, முதலாவது இல்லை. இவ்வூர் வயல்களில் அரிவாளுக்குக் காத்து நிற்கும் நெற்பயிருக்குள்ள ஓரறிவு, அத்துணைக் கெட்டிக்கார நாய்க்கு இல்லை. ஆகவே கொலையன்று எனக் கூறிவிடலாம்.

ஆனால் யசோதர காவியம் குறுக்கே நிற்கிறது. அரசன் பலியிட்டது மாவினால் செய்த கோழியைத்தான். ஆயினும் அவனும் அவன் தாயும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவிகள் உழன்றனர். சுஜாதாவின் துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷும் வசந்தும் ஒரு கொலை என்றால் பிணத்தோடு நோக்கத்தையும் தேடுவார்கள். மாக்கோழி வழக்கில் பிணமில்லை. நோக்கம் மட்டும் இருந்தது. கோழியென எண்ணியே அவன் வெட்டினான்.

இதைக் கேட்டதும் பேரன் சிரித்தான். முதல்நாள் மாலை, தொடர்பு கிடைக்காத கைப்பேசியை "ஒழிந்து போ" என்று நாம் தரையில் வீசியதை அவன் பார்த்திருக்கிறான்.