ஒன்றும் தெரியவில்லை என்பது ஓர் அளவையா?

ஹார்டு டிஸ்க்கின் நலத்தைக் கண்காணிக்கும் மென்பொருளுக்குப் பெரும்பாலும் பேசாமல் இருப்பதுதான் வேலை. டிஸ்க் நன்றாக இருக்கிறவரை அது வாய் திறக்காது. கெடத் தொடங்கினால் ஒரு மடல் அனுப்பும். ஆனால் அந்த மென்பொருளே செத்துக் கிடந்தாலும் வாய் திறக்காதுதான். நல்ல டிஸ்க்கின் மௌனமும் செத்த காவலாளியின் மௌனமும் வாசலில் நின்று கேட்கிறவனுக்கு ஒன்றாகவே கேட்கும். அப்படியானால் எச்சரிக்கை வராதது எதற்குச் சான்று? இதைப் பழுது பார்க்கிறவனின் கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதைக் கடவுள் பக்கம் திருப்பிவிட்டவர்கள் என் அக்காவும் அத்தானும்.

நான் மின்வாரியத்தில் எம்.ஆர்.டி. பிரிவில், அதாவது மீட்டரையும் ரிலேயையும் சோதிக்கிற பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உறையூர் வீட்டு மாடியில் மகன் விட்டுப்போன பழைய கணினி ஒன்று டெபியன் லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு நான்கு டெராபைட் டிஸ்க். வெளியே யுஎஸ்பி பெட்டியில் இன்னொன்று. குடும்பப் படங்களைவிட எனக்கு முக்கியமானவை, சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் வகுப்புகளின் ஒலிப்பதிவுகள். கேசட்டிலிருந்து மாற்றியவை, பாடம் சொன்னவர் இன்று இல்லை. அதில் ஒரு கோப்பு பாதியில் நின்றது. (சித்தியாரின் அளவைப் பகுதியில், அதாவது அறியும் வழிகளைப் பேசும் பகுதியில், நின்றது என்று எழுதினால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். நின்றது வேறு பகுதியில்.) கணினியின் பதிவேட்டில் வாசிப்புப் பிழை என்று இருந்தது. டிஸ்க்கையே கேட்டேன். 'பாஸ்டு' என்றது.

இந்தப் 'பாஸ்டு' வேடிக்கையான சொல். டிஸ்க் தன்னைத் தானே அளந்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் ஒவ்வொரு குணத்துக்கும் ஓர் எண், ஒரு மதிப்பு, தயாரித்தவர் வைத்த ஒரு வரம்பு. மதிப்பு வரம்புக்கு இறங்கினால்தான் தோல்வி. 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களின் கணக்கு. பல டிஸ்க்குகளில் அதற்கு வரம்பு பூஜ்யம். மதிப்பு அதுவரை இறங்கவே இறங்காது. ஆகவே படிக்க முடியாத இடங்கள் எத்தனை சேர்ந்தாலும் டிஸ்க் தேர்ச்சி பெற்றுக்கொண்டே இருக்கும். என் டிஸ்க்கில் அந்தக் கணக்கு பூஜ்யத்தைத் தாண்டி இருந்தது. காத்திருக்கும் செக்டார் என்பதும் யோசிக்க வேண்டிய பொருள்தான். டிஸ்க்கால் அதைப் படிக்க முடியவில்லை. ஆனால் கெட்டது என்று தீர்ப்பும் எழுதவில்லை. அந்த இடத்தில் யாராவது புதிதாக எழுதும்போதுதான் தீர்ப்பு. எழுத்து நின்றால் சந்தேகம் நீங்கும். நிற்காவிட்டால் அதற்கு வேறு இடம் ஒதுக்கி 5-ஆம் எண்ணில் கணக்கு ஏற்றும். நியாய நூலார் தம் பதினாறு பதார்த்தங்களில் ஐயத்துக்கும் ஓரிடம் கொடுத்ததை இந்த இயந்திரம் தன்னையறியாமல் ஒத்துக்கொள்கிறது.

சரி, ஸ்மார்ட்-டி என்ற காவல் நிரல் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தது. அரை மணிக்கு ஒரு முறை டிஸ்க்கைப் பார்ப்பது அதன் வழக்கம். பார்த்தது, கண்டது, மடலும் எழுதியது. டெபியனில் அது வருகிறபோதே மடல் முகவரி 'ரூட்' என்று இருக்கும். வெளியே அனுப்பும் வழி இல்லாத கணினியில் அந்த மடல் அதே கணினிக்குள் யாரும் திறக்காத ஒரு கோப்பில் போய் உட்காரும். யுஎஸ்பி பெட்டியிலிருந்த டிஸ்க்கின் கதை வேறு. பெட்டியின் சிப்பை நிரலுக்கு அடையாளம் தெரியவில்லை. பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அதை விட்டுவிட்டது. 'சாட்' என்ற வகையை நாமே எழுதிக் கொடுத்தபின் அந்த டிஸ்க் பேசியது. இன்னொன்றும் உண்டு: நீள்சோதனைக்கு நாள் குறித்துக் கொடுக்காவிட்டால், யாரும் படிக்காத செக்டார் கெட்டுப்போயிருந்தாலும் டிஸ்க்குக்கே தெரியாது. முதல் மௌனத்தில் காவலாளி பார்த்துச் சொன்ன சொல் வந்து சேரவில்லை. இரண்டாவதில் அவன் பார்க்கவில்லை. மூன்றாவதில் பார்ப்பதற்கு எதுவும் அவன் முன் வரவில்லை.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னாள்: "இத்தனை வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே தம்பி. வெக்காளி அம்மன் பாத்துக்கிறா." அத்தான் கருப்புச் சட்டைக்காரர், விடுவாரா? "கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேக்காது, எந்தக் கருவிக்கும் சிக்காது. அப்ப இல்லேன்னுதானே மாப்ளே அர்த்தம்?" இருவரும் நாற்பது ஆண்டாக இப்படித்தான். அன்றுதான் ஒன்று உறைத்தது. முடிவு எதிரெதிராக இருந்தாலும் இருவரும் நிற்கும் படி ஒன்றே. எதுவும் நேரவில்லை, அதனால் காக்கிறாள் என்கிறாள் அவள். எதுவும் தென்படவில்லை, அதனால் இல்லை என்கிறார் இவர். இரண்டும் மௌனத்திலிருந்து கறந்த அறிவு.

மௌனத்திலிருந்து அறிவு கறக்கலாமா என்பது நம் தருக்கத்தில் பழைய வழக்கு. மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும், அதாவது இல்லாமையும், ஒன்று. சித்தியார், அளவை ஆறு என்பாரையும் பத்து என்பாரையும் சொல்லிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. மீமாம்சையில் குமாரில பட்டர் வழியினர் இல்லாமையை அறிய அனுபலப்தி என்று தனி அளவை வேண்டும் என்றார்கள்; பிரபாகரர் வழியினர் அதை ஏற்கவில்லை. அவர்கள் வைத்துக்கொண்டு வாதாடிய பொருள் தரையும் குடமும். தரையைப் பார்க்கிறேன், குடம் தெரியவில்லை; ஆகவே குடம் இல்லை. சரி, இருட்டில்? இருட்டில் குடம் தெரியாதது எதையும் நிறுவாது. அதனால் ஒரு நிபந்தனை வந்தது: இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தக்க இடத்தில்தான் தெரியாமை இல்லாமைக்குச் சான்று. இதற்கு யோக்கியதை என்று பெயர். தகுதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இந்த நிபந்தனையைவிட நல்ல பழுதுநீக்கக் கையேடு எனக்குக் கிடைக்கவில்லை. மடல் வரவில்லை என்றால் முதல் கேள்வி டிஸ்க்கைப் பற்றியதல்ல. டிஸ்க் கெட்டிருந்தால் மடல் வந்திருக்குமா?

தகுதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எம்.ஆர்.டி.யில் இருந்தவனுக்கு இதற்கு ஒரே விடைதான். வருஷக்கணக்கில் டிரிப் ஆகாத ரிலேயை நல்ல ரிலே என்று எவனும் எழுதித் தர மாட்டான். சோதனைப் பெட்டியிலிருந்து மின்னோட்டத்தைச் செலுத்தி, குறித்த நேரத்துக்குள் அது விழுகிறதா என்று பார்த்தபின்தான் கையெழுத்து. பொய்ப் பழுதைக் காட்டி மெய்க் காவலைச் சோதிப்பது.

இதே வழக்கத்தை ஸ்மார்ட்-டியைத் தந்தவரின் துறையிலும் காணலாம். ஸ்மார்ட்-டி அடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை 2002-இல் தொடங்கிய புரூஸ் ஆலன் கணினித் தொழிலாளி அல்ல, இயற்பியலாளர். அவர் தேடியது ஈர்ப்பலைகளை. விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் அந்தத் தேடலுக்காகக் கணினிகளைத் திரளாக இணைத்து வைத்திருந்தார்; கணினி பெருகினால் சாகிற டிஸ்க்கும் பெருகும். அந்த ஈர்ப்பலைத் துறையே பல்லாண்டு மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்த துறை. லைகோ கருவிகள் 2002 முதல் 2010 வரை இயங்கி ஓர் அலையையும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் சும்மா காத்திருக்கவில்லை. ஆய்வாளர்களுக்குச் சொல்லாமல் ஒரு சிறு குழு பொய் அலையைக் கருவிக்குள் செலுத்தும் முறை ஒன்று வைத்திருந்தார்கள். 2010 செப்டம்பரில் அப்படி ஒன்று வந்தது. மாதக்கணக்கில் ஆராய்ந்து கட்டுரையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் உறையைப் பிரித்தபோது தெரிந்தது, அது இட்டுக்கட்டிய அலை. ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனால் அதன்பின் அந்தக் கருவியின் மௌனத்துக்கு ஒரு மதிப்பு வந்தது: இருந்திருந்தால் கேட்டிருக்கும் என்று சொல்லும் உரிமை. 2015 செப்டம்பர் 14 அன்று மெய்யான அலை வந்தபோது, ஆலன் இயக்குநராக இருந்த ஹானோவர் ஆய்வகத்தில் அதை முதலில் கண்டவர் செய்த வேலைகளில் ஒன்று, இது யாராவது செலுத்தியதா என்று விசாரித்தது.

தகுதியைச் சோதித்துவிட்டால் மௌனத்தை நம்பிவிடலாமா? முழுதாக முடியாது. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதில் கசப்பான பாடம். வெப்பநிலையைத் தவிர்த்த எல்லா அறிகுறிகளையும் கணக்கில் எடுத்தாலும், செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதம் எந்த அறிகுறியும் காட்டாமல் செத்தவை. காவலாளி விழித்திருந்தான், வெளிச்சம் இருந்தது, தரையில் குடம் இல்லை. ஆனாலும் டிஸ்க் செத்தது. இங்கே காவலாளியைக் குறை சொல்லக் கூடாது. அவன் கண்டது அறிகுறியின் இன்மை. நாம் வாசித்தது ஆபத்தின் இன்மை. சிவஞான முனிவர் தமிழில் தந்த தருக்க சங்கிரகம் இன்மையை நான்காகப் பிரிக்கும். அதில் முன்னபாவம் என்பது, ஒரு பொருள் தோன்றுவதற்கு முன் உள்ள அதன் இன்மை. அதற்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு. டிஸ்க்கின் ஆரோக்கியம் என்று நாம் கொண்டாடுவது சாவின் முன்னபாவம். அது இந்த அரை மணியில் முடியவில்லை என்பதற்கு மேல் எந்தக் கண்காணிப்பும் எதுவும் சொல்லாது.

இனி அக்காவுக்கும் அத்தானுக்கும் வருவோம். அத்தானுக்குப் பதில் பத்தாம் நூற்றாண்டிலேயே உதயணர் தன் நியாய குசுமாஞ்சலியில் சொல்லிவிட்டார்: காணத்தக்க பொருளைக் காணாவிட்டால்தான் இல்லை என்று முடிவுகட்டலாம், கடவுள் அப்படிக் காணத்தக்க பொருள் என்று யார் சொன்னது? இந்தப் பதிலை மேடைதோறும் சொல்லி நாத்திகரை மடக்கிவிட்டதாக மகிழும் ஆத்திகர்கள் அதன் மறுபக்கத்தைப் பார்ப்பதில்லை. காட்சிக்கு எட்டாதவர் என்று அவரை இன்மையின் வழக்கிலிருந்து மீட்டாயிற்று. நல்லது. பிறகு வீட்டில் திருடன் வராததையும் டிஸ்க் கெடாததையும் அவருக்குச் சாட்சியாக எப்படி அழைப்பது? கெட்டிருந்தால் அவர் இல்லை என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்கிறவர் மட்டுமே, கெடாததைச் சாட்சியாகச் சொல்லலாம். அக்கா அதற்குத் தயாரில்லை. டிஸ்க் கெட்டால் 'சோதிக்கிறாள்' என்பாள். கருவிக்குப் பொய்ப் பழுது காட்டிச் சோதிக்கும் வழி உண்டு. நம் புராணங்களிலோ சோதிக்கிறவர் எப்போதும் அவர். சோதனைக்கு உள்ளாகிறவர் சிறுத்தொண்டரும் இயற்பகையாரும். திருப்பிச் சோதிக்க வழி வைக்கவில்லை.

ஆகவே நான் சைவன்தான், ஆனால் இந்த விஷயத்தில் அக்கா பக்கம் இல்லை. அத்தான் பக்கமும் இல்லை. சித்தாந்தம் இறைவனை நிறுவ எடுத்துக்கொண்டது கருதலையும் உரையையும்: உலகம் செய்யப்பட்டது, செய்தவன் உண்டு என்ற அனுமானம், ஆகமம் என்ற சொல். அவற்றை ஏற்பதும் மறுப்பதும் தனி வழக்கு, அங்கே போய் வாதாடட்டும். நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அந்த வழக்கில் யாரும் சான்றாகத் தாக்கல் செய்யக் கூடாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா, "அப்ப விளக்கேத்த வேண்டாம்னு சொல்றியா?" என்றாள். ஏற்றச் சொன்னேன்; விளக்கு காவல் கூலி அல்ல.

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்மார்ட்-டியின் அமைப்புக் கோப்பில் நீங்கள் அன்றாடம் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். தொடங்கும்போதே சோதனை மடல் ஒன்றை அனுப்பச் சொல்லும் கட்டளையையும் அதில் சேருங்கள். நீள்சோதனைக்கு மாதம் ஒரு நாள் ஒதுக்குங்கள். நான்கு டெராபைட் டிஸ்க்குக்கு ஓர் இரவு போதும். சோதனை மடல் கைபேசிக்கு வந்து சேர்ந்தாலும், பிரதி ஒன்றை வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள்.